எட்டுச் சுற்று, பதினாறு சந்திப்பு

வளைவில் திரும்பியதும் எதிரே தங்கம் வருவது தெரிந்தது. உடனே நான் கடலைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் ஓரத்திலிருந்த குரோட்டன்ஸ் செடிகளைப் பார்க்க ஆரம்பித்தாள். இரண்டு பேருடைய ஷூவும் சிமெண்டுத் தரையில் உரசுகிற சத்தம் நெருங்கி வந்தது, தாண்டியது, விலகிப் போனது. அவள் தலையில் வைத்திருந்த மல்லிகை வாசம் மட்டும் என் மேல் பட்டது.

பத்தடி போனதும் மூச்சை விட்டேன். நிம்மதி நிலைக்காது. எங்கள் ஊர்க் கடற்கரைப் பூங்காவின் நடைபாதை முட்டை வடிவம். இன்னும் மூன்று நிமிஷத்தில் ரோட்டுப் பக்கத்து வளைவில் மறுபடி எதிரே வருவாள். அங்கே பார்ப்பதற்குக் கடல் கிடையாது. ஆகவே நான் செல்போனைப் பார்ப்பேன், அவள் அறந்தாங்கி பஸ்ஸைப் பார்ப்பாள். பஸ் வராத நேரமாக இருந்தால் பஸ் வருகிற திசையைப் பார்ப்பாள்.

ஒரு சாயங்காலத்துக்கு எட்டுச் சுற்று. சுற்றுக்கு இரண்டு தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆக மொத்தம் பதினாறு. டாக்டர் காலுக்குத்தான் பயிற்சி எழுதிக் கொடுத்தார். கழுத்துக்கும் சேர்த்து நடந்துகொண்டிருந்தது.

தங்கம் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. எனக்கு நாத்தனார். நாலு வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த நாலு வருஷமும் ஒரே பூங்காவில், ஒரே நேரத்தில், எதிரும் புதிருமாக நடந்தோம்.

போன வாரம் வாரப் பத்திரிகையில் நான் எழுதியிருந்த சத்துணவுக்கூடத்து முட்டைக் கதையைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர், குடும்ப விஷயத்தை மட்டும் புத்தகத்தில் எழுதிவிடாதே தாயி என்று கையெடுத்துக் கும்பிட்டார். முப்பது வருஷம் கவர்மெண்டு பஸ் ஓட்டியவர். எந்த இடத்தில் பிரேக் போட வேண்டுமென்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அலை எப்போது வரும்?

எங்கள் ஊர் மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் நடுவில் இருக்கிறது. ஊரில் கடல் உண்டு, அலை கிடையாது. முழங்காலளவு தண்ணீர் வெகுதூரத்துக்குப் போகும். அடியில் சேறு. புதுக்கோட்டையிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காரில் வருகிறவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டு, கடல் எங்கே என்று நம்மிடமே கேட்பார்கள். அவர்களைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். நான் சிரிக்கக் கூடாதுதான். ஏனென்றால் நானும் அதே மாதிரி கேட்டவள்தான்.

என் பிறந்த ஊர் விராலிமலைப் பக்கம். மயிலும் மலையும் பார்த்து வளர்ந்தவளுக்குக் கடல் என்றால் காலண்டரில் பார்த்ததுதான். கல்யாணமான மூன்றாம் நாள் மதியம், கடலில் கால் நனைக்க வேண்டும் என்றேன். துணைக்குத் தங்கத்தை அனுப்பினார்கள். அப்போது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றேன். கால் மணி நேரமாயிற்று. ஒன்றும் வரவில்லை. அலை எப்போது வரும் என்று கேட்டேன்.

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அவள் சொன்னாள்: "நாலு மணிக்கு வரும் மதினி. இருங்க."

நானும் இருந்தேன். நாலு மணி வரைக்கும் சேற்றில் நின்றேன். அவள் கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அவள் சொன்ன கதையைக் கேட்டு மாமனார், மாமியார், அக்கம்பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தார், பாவம், முடியவில்லை.

ஆக, எங்களுக்குள் முதலில் சிரித்தது அவள்தான். பின்னால் வந்த சண்டையில் இதை நான் எனக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டேன்.

பூங்கா வந்தது வெகு பின்னால். கருவேல முள்ளும் உடைந்த வள்ளங்களும் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, நடைபாதை போட்டு, ஊஞ்சல் கட்டி, நடுவில் ஒரு சிமெண்டு டால்பினும் வைத்தார்கள். டால்பினுக்குப் பெயிண்ட் அடித்தவர் உடம்பு முழுக்கச் செதில் வரைந்துவிட்டார். திறந்த அன்று மீன்பிடிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றிநின்று வெகுநேரம் ஆராய்ந்தார்கள். கடைசியில் ஒருவர், இதைக் குழம்பு வைப்பதா வறுப்பதா என்று கேட்டுவிட்டுப் போனார். இன்று வரை அந்த டால்பினை ஊரில் 'அந்த மீன்' என்றுதான் சொல்கிறோம்.

பெஞ்சுகளுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் உண்டு. பட்டா கிடையாது, ஆனால் உண்டு. பள்ளிவாசலிலிருந்து அஸர் தொழுகை முடித்து வருகிற பெரியவர்களுக்குக் கொடிக்கம்பத்துப் பெஞ்சு. மீன் ஏலம் முடித்து வெற்றிலை போட உட்காருகிற பெண்களுக்கு ஊஞ்சல் பக்கத்துப் பெஞ்சு. வெளியூர்க்காரர்கள் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டோம். பக்கத்தில் போய் நின்றுகொண்டே இருப்போம். வாட்ச்மேன் காதர் பாய் ஒரு விசிலோடு இதையெல்லாம் ஆண்டுகொண்டிருந்தார்.

பிறகு ஊரில் எல்லோருக்கும் சர்க்கரை வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா எல்லோரையும் நடக்கச் சொன்னார். பூங்கா நிறைந்துவிட்டது.

ஜெசிந்தா டீச்சரின் கணக்கு

கோயில் பிரகாரம் சுற்றிப் பழகிய கால் என்பதால் நான் வலமாக நடப்பேன். தங்கம் இடமாக நடப்பாள். அவளுக்கும் கோயில் தெரியும். ஆனால் வலமாக வந்தால் என் முதுகுக்குப் பின்னால் நடக்க நேரிடுமே. அண்ணிக்குப் பின்னால் போனாள் என்று ஆகிவிடுமே. அதனால் இடம்.

என்னோடு நடக்கிறவர் ஜெசிந்தா டீச்சர். ஆவூர்க்காரர். இங்கே மேல்நிலைப் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக வந்து, ஒவ்வொரு வருஷமும் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் கேட்டு எழுதிப் போட்டுக்கொண்டே வாடகை வீட்டில் காலத்தை ஓட்டிவிட்டார். ஒருநாள் ஐந்தாவது சுற்றில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கமா நடந்தா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கவே வேண்டியதில்லங்க. ஆளுக்கொரு மூலையில ஆரம்பிச்சாப் போதும். எதிரெதிரா நடக்கப் போய்த்தான் இத்தன தடவ மாட்டிக்கிறீங்க."

எனக்குக் கால் நின்றுவிட்டது. சத்துணவுக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குக் கண்ணளவில் உப்புப் போட்டவள் நான். இது எனக்குத் தோன்றவில்லையே! மறுநாளிலிருந்து இடமாக நடக்கலாம் என்று முடிவு செய்தேன். மறுநாள் வந்ததும் வேறு யோசனை வந்தது. மாற்றினால் அவளுக்காக மாற்றினேன் என்று ஆகிவிடும். அதெப்படி? மாற்றவில்லை.

டீச்சர் நடுநிலையானவர். தங்கத்திடமும் அதே கணக்கைச் சொல்லியிருக்கிறார். அவளும் மாற்றவில்லை.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்றைக்காவது தங்கம் நடக்க வராவிட்டால் எனக்கு எட்டுச் சுற்று வராது. ஐந்தோடு வீட்டுக்குப் போய்விடுவேன். மறுவாரம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அது தெரியும். டாக்டரம்மா திட்டுவார். முகத்தைத் திருப்பிக்கொள்ள ஓர் ஆள் எனக்கு வேண்டியிருந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில் அந்த மீனுக்கு எதிர்ப் பெஞ்சில் என் வீட்டுக்காரர். அவருக்கு நடப்பது பிடிக்காது. உட்கார்ந்தபடியே மாவட்டம் முழுக்கச் சுற்றியவர் இல்லையா. நான் கடக்கும்போது ஒரு முகம் வைத்திருப்பார், தங்கை கடக்கும்போது வேறு முகம். நாங்கள் இரண்டு பேரும் தப்பித்தவறி அவருக்கு முன்னால் சந்தித்துக்கொண்டால் வானத்தைப் பார்ப்பார். மழை வரும் போலிருக்கிறது என்பார். சித்திரை மாதத்தில் சொல்வார்.

கூலிங் கிளாஸ் போட்ட முன்னோர்

சண்டை எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு பிளெக்ஸுக்கு.

என் பேரனுக்குக் காதுகுத்து வைத்தோம். எங்கள் பக்கம் பந்தல் இல்லாமல்கூட விசேஷம் நடந்துவிடும், பிளெக்ஸ் இல்லாமல் நடக்காது. அதில் யார் படம் எந்த வரிசையில், எந்த அளவில் என்பதில்தான் சொந்தபந்தமே நிற்கிறது. அறந்தாங்கியில் ஒரு கடையில் அடிக்கக் கொடுத்தோம். படங்களை அனுப்புகிற பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

தங்கத்தின் வீட்டுக்காரர் முருகேசன் குவைத்தில் இருக்கிறார். அந்த விசேஷத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆள் வராவிட்டாலும் எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு மரியாதை குறையக் கூடாதென்று, அவர் படத்தையும் என் மாமனார் படத்தையும் சேர்த்து அனுப்பி, இரண்டையும் மேல் வரிசையில் போடச் சொன்னேன். மாமனார் காலமாகிப் பல வருஷம். பிளெக்ஸில் மேல் வரிசை காலமானவர்களுக்கு உரியது என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

கடைக்காரத் தம்பி அடிப்பதற்கு முன்னால் சரிபார்க்கச் சொல்லிச் செல்போனுக்கு அனுப்பினார். நான் சத்துணவுக்கூடத்தில் முட்டை அவித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வீட்டில். கட்டை விரல் அளவுக்குத் தெரிந்த படத்தைப் பார்த்துவிட்டு, கட்டை விரலையே பதிலாக அனுப்பினேன்.

விசேஷத்தன்று காலை பஸ் ஸ்டாண்டு முனையில் கட்டியிருந்தார்கள். பெரிய குத்துவிளக்கு. அதற்கு மேலே 'தெய்வமாய் நின்று எங்களை ஆசீர்வதிக்கும்' என்று எழுத்து. எழுத்துக்கு மேலே வெள்ளை மேகம். மேகத்துக்கு நடுவில் தலைப்பாகையோடு முறைத்துக்கொண்டு என் மாமனார். அவருக்குப் பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய முருகேசன்.

நான் சிரித்தேன். சும்மா இல்லை. மின்கம்பத்தில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

திரும்பினால் தங்கம் நிற்கிறாள். பட்டுப்புடவை. கையில் குழந்தைக்கு வாங்கிய வெள்ளி அரைஞாண் பெட்டி. அவள் என்னைப் பார்த்தாள், பிளெக்ஸைப் பார்த்தாள். பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறி, கட்டியிருந்த கயிற்றைத் தானே அவிழ்த்தாள். கீழே விழுந்த பிளெக்ஸைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள். பெட்டியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் கறிச்சோறு. இலையில் உட்காராமல் போனாள்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மாப்பிள்ளைக்கு இனி ஆயுசு கெட்டி என்று பந்தியில் நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேரும் சிரித்தார்கள். நாலு பேரும் நேராக அவளிடம் போய்ச் சொன்னார்கள். முருகேசனே இரண்டு நாள் கழித்துக் குவைத்திலிருந்து கூப்பிட்டுச் சிரித்தார். அந்தப் படத்தைத் தன் ரூமில் எல்லோருக்கும் காட்டினாராம். சம்பந்தப்பட்டவரே சிரிக்கிறார், இவளுக்கு என்ன வந்தது என்று எனக்கும் கோபம் ஏறிவிட்டது.

நான் நேரில் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் என் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று குலசாமி பேரில் சத்தியம் செய்தாளாம். அதைக் கேட்டதும் நானும் விடவில்லை. அவள் வீட்டு வாசலுக்கு இனி நானும் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வீட்டு வாசலும் எங்களுக்கு அடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது பூங்கா ஒன்றுதான். அது யார் வீட்டு வாசலும் இல்லை.

பீரோவில் கிடந்த பட்டு

போன வருஷம் தங்கத்தின் மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வல்லத்திராக்கோட்டைப் பக்கம். செய்தி எங்களுக்கு ஜெசிந்தா டீச்சர் மூலமாக வந்தது. தாய்மாமன் வீட்டுக்கு!

எங்களில் பத்திரிகை அடித்து வந்ததும் குலசாமி காலடியில் வைத்துவிட்டு, முதல் பத்திரிகையைத் தாய்மாமன் வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மாமனும் மாமன் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று தட்டை வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. கல்யாணத்தன்று பெண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறவர் மாமன். தட்டு வைத்து அழைக்காவிட்டால் கூடப்பிறந்தவளாகவே இருந்தாலும் மாமன் போக முடியாது. போனால் அவருக்கும் மரியாதை இல்லை, அவளுக்கும் இல்லை.

சுகன்யா என் வீட்டுக்காரர் பஸ்ஸில் பிறந்திருக்க வேண்டியவள். தங்கத்துக்கு வலி எடுத்தபோது அவர் டூட்டியில் இருந்தார். தங்கையை ஏற்றிக்கொண்டு அறந்தாங்கி வரைக்கும் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் ஓட்டினார். வழியில் இறங்க வேண்டியவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம். எல்லோரும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து, குழந்தை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்களாம். அந்தக் குழந்தைக்குத்தான் இப்போது கல்யாணம்.

அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். வழக்கம்போல பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனால் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானோ, பத்திரிகை வைப்பதென்றால் வீட்டு வாசலுக்கு வந்துதான் வைக்க வேண்டும், வேறு எங்கே வைத்தாலும் வாங்க மாட்டேன் என்று நடக்கிற பெண்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் பீரோவில் போர்வை தேடினேன். அவருடைய பழைய காக்கி யூனிபாரத்துக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடைப் பை இருந்தது. உள்ளே அரக்கு நிறத்தில் ஒரு பட்டு. பெண்ணுக்கு மாமன் எடுத்துக் கொடுக்கிற பட்டு. அழைப்பு வரவில்லை, வருமா என்றும் தெரியவில்லை. மனுஷன் தனியாகப் பஸ் ஏறிப் போய் எடுத்துக்கொண்டு வந்து, என் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார். எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. மடிப்புக் கலையாமல் இருந்தபடியே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று சாயங்காலமே கேட்டுவிடுவது என்று பூங்காவுக்குப் போனேன். முதல் சந்திப்பில் தொண்டை வரைக்கும் வந்தது. கடலைப் பார்த்துவிட்டேன். இரண்டாவது சந்திப்பில் அவளுக்குப் பின்னால் வேறு ஆட்கள் வந்தார்கள். மூன்றாவதில் அவள் மூக்கை உறிஞ்சினாள், என்னைப் பார்த்து உறிஞ்சியதாக எனக்குப் பட்டது. ஏழாவதில் எனக்கு இருமல் வந்தது. பன்னிரண்டாவதில் ரொம்பப் பக்கத்தில் போய், "த" என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தாண்டிவிட்டாள். பதினாறும் போயிற்று. ஒரு நாளில் பதினாறு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? அத்தனையையும் விட்டேன்.

மறுநாளிலிருந்து அவள் நடக்க வரவில்லை. நாலு நாள் வரவில்லை. குளத்தூரிலிருந்து ஒரு சொந்தக்காரர் என் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டார். பத்திரிகை அடித்து வந்து பதினைந்து நாளாகிறதாம். தங்கம் ஒருவருக்கும் வைக்கவில்லையாம். முதல் பத்திரிகை நகராததால் மற்றதெல்லாம் கட்டுக் கட்டாக அப்படியே கிடக்கிறதாம். கல்யாணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை.

புல் மேல் நடந்தது

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. நானும் டீச்சரும் கடல் பக்கத்து வளைவில் இருந்தோம். டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அந்தப் பக்கம் என் வீட்டுக்காரருடைய பெஞ்சுக்கு முன்னால் தங்கமும் சுகன்யாவும் நின்றார்கள். தங்கம் ஷூ போட்டிருக்கவில்லை. பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கையில் பெரிய எவர்சில்வர் தட்டு. தூரத்திலிருந்தே தெரிந்தது. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், பூ. நடுவில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். ஆனால் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் தட்டை நீட்டியபடி நிற்கிறாள், இவர் வாங்காமல் நிற்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் வராமல் வாங்க மாட்டார்.

காதர் பாய் அவர்களை நோக்கி வேகமாகப் போனார். பூங்காவுக்குள் விசேஷம் எதுவும் நடத்தக் கூடாதென்று சட்டம். விசில் வாயில் இருந்தது. பக்கத்தில் போய்த் தட்டைப் பார்த்தார், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். விசிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். டீச்சர் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"இங்கிட்டுப் போனாலும் அங்கிட்டுப் போனாலும் ஒரே தூரந்தான். சட்டுனு நடங்க."

நான் இரண்டு பக்கமும் போகவில்லை. நாலு வருஷம் சுற்றிச் சுற்றி வந்தவள், பூச்செடியைத் தாண்டிப் புல் மேல் இறங்கி நேராக நடந்தேன். கொடிக்கம்பத்துப் பெஞ்சில் பேச்சு நின்றுவிட்டது. ஊஞ்சல் பக்கத்துப் பெண்கள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பார்த்தார்கள். நடந்துகொண்டிருந்தபோதுகூட, வீட்டுக்கு வந்து வை என்று சொல்ல வேண்டும் என்ற புத்தி எனக்குள் முனகிக்கொண்டுதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பக்கத்தில் போனபோது தங்கத்தின் முகம் தெரிந்தது. நாலு வருஷமாக நான் அவளை நேராகப் பார்க்கவில்லை. காதோரம் நரைத்திருந்தது. தட்டின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவள் நிமிர்ந்து பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு, வாசல் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"தங்கம், நான் அன்னைக்கிச் சிரிச்சிருக்கக் கூடாது" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பிளெக்ஸுக்கா நான் கோவிச்சேன்? அதப் பாத்துட்டு வீட்டுக்குப் போயி அவருக்குப் போன் போட்டேன் மதினி. எடுக்கல. ரெண்டாந்தடவ போட்டேன், எடுக்கல. மூணு மணி நேரம் எடுக்கல. டூட்டியில இருந்துருக்காரு. அது எனக்குத் தெரியாதுல்ல. ஒவ்வொரு தடவையும் ரிங் போயிக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள ஒங்க சிரிப்புச் சத்தம் கேக்குது."

அவள் நிறுத்தவில்லை.

"எலையில ஒக்காராமப் போயிட்டான்னு ஊரு பூரா சொன்னீங்க. அன்னைக்கி எனக்கு எச்சி முழுங்க முடியல."

நாலு வருஷம். அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பந்தியில் நான் ஆயுசு கெட்டி என்று சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நாலு தெரு தள்ளி இவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவருக்கு ஏதாவது என்றால் அங்கிருந்து யார் சொல்வார்கள், எப்போது சொல்வார்கள் என்று தெரியாமல்தான் அவள் இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள். எனக்கு இவர் தினமும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அதனால் அது எனக்குத் தோன்றவே இல்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க நான் வாய்விட்டு அழுதேன். மன்னிச்சிரு தங்கம், மன்னிச்சிரு என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. சுகன்யா, "அத்த, போதும் அத்த" என்று என் தோளைப் பிடித்தாள்.

என் வீட்டுக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கிழக்கே பார்த்து நிற்க வேண்டும் என்று மெல்லச் சொன்னார். இரண்டு பேரும் கடலைப் பார்க்கத் திரும்பி நின்றோம். தங்கம் எங்களுக்கு எதிரே வந்து தட்டை நீட்டினாள். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வாங்குங்க மதினி. கை வலிக்கிது."

நானும் அவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தட்டை வாங்கினோம். கை வலிக்கிறது என்றவள், நாங்கள் வாங்கிய பிறகும் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.